கடையும் லெப்பையும் ஒரே கப்பலில் போன காலம்

 

‘இஸ்லாம் வாளால் பரவிய மார்க்கம்’ என்று மேடைக்கு மேடை பேசி வருகிறார்கள். அதைக் கேட்டு நம் இளைஞர்களின் இரத்தம் கொதிக்கிறது. கொதித்து என்ன பயன்? ‘எப்படித்தான் பரவியது?’ என்று பக்கத்துக் கடைக்காரர் திருப்பிக் கேட்டால், பத்து நிமிடம் விளக்கிச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோபப்படத் தெரிந்த அளவுக்கு நமக்கு நம் சொந்த வரலாறு தெரியவில்லை. இந்தக் குறையைக் களைவதற்காகவே இதை எழுதுகிறேன். வரலாற்றைச் சொல்லிவிட்டு, அந்த வரலாற்றுக்கு நாம் தகுதியானவர்களா என்றும் கேட்கப் போகிறேன். கேள்வி கசக்கலாம். பொறுத்துக் கொள்ளுங்கள்.

இந்தோனேசியாவை எடுத்துக் கொள்ளுங்கள். இருபது கோடிக்கும் அதிகமான முஸ்லிம்கள் வாழும் நாடு. அரபு நாட்டிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஒரு முஸ்லிம் படை கப்பலேறிப் போய் அந்தத் தீவுகளை வென்றதாக எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதவில்லை. 1292ல் சுமத்ராவின் வட கரையைக் கடந்து சென்ற வெனிஸ் நகரப் பயணி மார்கோ போலோ, பெர்லாக் என்ற துறைமுக நகரத்தார் அங்கு வந்து போகும் முஸ்லிம் வணிகர்களால் இஸ்லாத்தைத் தழுவியிருப்பதைக் குறித்து வைத்தார். அவர் முஸ்லிம் அல்ல. நமக்காகப் பரிந்து பேச வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதே கரையில் சமுத்ரா பாசை என்ற ஊரை ஆண்ட சுல்தான் மலிக்குஸ் ஸாலிஹின் கப்று இன்றும் இருக்கிறது. அதன் கல்லில் உள்ள ஆண்டு 1297. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து அங்கு சென்ற இப்னு பதூதா, அந்த ஊர் சுல்தான் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர் என்றும், ஆலிம்களைச் சுற்றி அமர வைத்து மார்க்கச் சட்டம் பேசுவதில் ஆசை கொண்டவர் என்றும் எழுதினார். அந்த மண்ணுக்கு வாள் போகவில்லை. சரக்கு போனது, கிதாபு போனது.

மலாய் மக்களின் பழைய வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ ஒரு செய்தி சொல்கிறது. சமுத்ராவுக்கு மார்க்கம் சொல்லப் புறப்பட்ட கப்பல் வழியில் ஒரு கரையில் நின்றதாம். அந்த ஊர் அரசர் தம் ஆட்சியை மகனிடம் கொடுத்துவிட்டு, ஃபக்கீராகக் கப்பலேறினாராம். அந்தக் கரையை அந்நூல் குறிக்கும் பெயர் மஃபர் என்பதன் திரிபு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மஃபர் எது? அரபுகள் நம் தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு இட்ட பெயர்தான் அது! இது செவிவழிக் கதையாகவே இருக்கட்டும். தங்களுக்கு மார்க்கம் எந்தக் கரை வழியாக வந்தது என்று மலாய் மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மலாய் மொழி சொல்லும் சாட்சி

கதையை நம்பாதவர்கள் அகராதியை நம்பலாம். மலாய் மொழியில் கப்பலுக்கு ‘கப்பால்’ என்று பெயர். கடைக்கு ‘கெடாய்’ என்று பெயர். ஊர்ப் பள்ளியில் ஓதிக் கொடுப்பவருக்கு, தொழுகையும் பக்தியுமாக இருக்கும் மனிதருக்கு, ‘லெபை’ என்று பெயர். மூன்றும் நம் தமிழ்ச் சொற்கள். கப்பல், கடை, லெப்பை!

சகோதரர்களே, இந்த மூன்று சொற்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு சமுதாயம் இன்னொரு சமுதாயத்திடமிருந்து தனக்கு இல்லாததை வாங்கிக் கொள்ளும்போது சொல்லையும் சேர்த்தே வாங்கிக் கொள்கிறது. அவர்கள் நம்மிடமிருந்து கடையையும் வாங்கினார்கள், லெப்பையையும் வாங்கினார்கள். நம் ஊர்களில் இன்றும் பள்ளியில் ஓதிக் கொடுப்பவரை லெப்பை என்று அழைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சிலர் அதைக் கொஞ்சம் இளக்காரமாகவும் சொல்கிறார்கள். எந்தச் சொல்லை நாம் இங்கே இளக்காரமாகச் சொல்கிறோமோ, அதைக் கடலுக்கு அப்பால் ஒரு தேசம் மரியாதையோடு தன் மொழியில் வைத்துக் கொண்டது!

நாகூரிலிருந்து மலாக்கா வரை

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் முன்ஷி அப்துல்லாஹ். 1796ல் மலாக்காவில் பிறந்தவர். தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் தம் குடும்பத்தின் கதையைச் சொல்லியிருக்கிறார். அவருடைய பாட்டனாரின் தந்தை யமன் நாட்டு அரபி. மார்க்கமும் மொழியும் கற்றுக் கொடுப்பவர். அவர் நாகூர் வந்தார். அங்கேயே திருமணம் செய்து பிள்ளைகள் பெற்றார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் மலாக்கா சென்று, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளான பெரிய ஆச்சியை மணந்தார். பெயர்களைக் கவனியுங்கள். லெப்பை! ஆச்சி! மலாக்காவில் நம் தெருவே இருந்திருக்கிறது!

அப்துல்லாஹ்வின் பாட்டியார் மலாக்காவில் கம்பொங் பாலி என்ற பகுதியில் குர்ஆன் ஓதிக் கொடுத்தார். ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய இருநூறு பிள்ளைகள் அவரிடம் ஓதியதாகப் பேரன் எழுதியிருக்கிறார். ‘பெண்களுக்கு எதற்குப் படிப்பு?’ என்று நம்மில் சிலர் இன்னும் கேட்கிறார்களே, அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் பெண்மணி கடல் கடந்த ஊரில் ஒரு மத்ரஸாவையே நடத்தியிருக்கிறார்.

அதே அப்துல்லாஹ்வைத் தமிழ் படிக்கவும் அனுப்பினார்கள். மலாக்காவின் வசதியான குடும்பங்களில் பிள்ளைகள் கணக்குக்காகவும் வியாபாரத்துக்காகவும் தமிழ் கற்பது அன்றைய வழக்கமாம். ஒரே பிள்ளைக்கு குர்ஆனும் கணக்கும் கற்றுக் கொடுத்த வீடு அது. தீனையும் துன்யாவையும் இரண்டு தனிப் பாத்திரத்தில் வைக்காத வீடு!

வியாபாரியும் ஆலிமும் சேர்ந்து நின்றதற்குக் கட்டடச் சாட்சியும் உண்டு. பினாங்கில் 1801ல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை முன்னின்று உருவாக்கியவர் காதர் மைதீன் மரைக்காயர் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர். ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால் வைத்தது 1819ல். ஏழே ஆண்டில், 1826ல், சூலியா முஸ்லிம்கள் அங்கே ஜாமிஆ பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே தெலுக் ஆயர் தெருவில் ஓலைக் குடிசையாக இன்னொரு பள்ளி எழுந்தது. குச்சுப் பள்ளி என்று அதற்குப் பெயர். கடைக்கு ஓடு போடுவதற்கு முன்பே தொழுகைக்கு ஓலை போட்டவர்கள் நம் முன்னோர்கள்!

கற்றுக் கொடுக்கப் போனவர்கள்

இனி ஆலிம்களைப் பார்ப்போம். குஜராத்தின் ராந்தேர் ஊரைச் சேர்ந்த ஓர் ஆலிம் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுமத்ராவின் அச்சே நாட்டுக்குச் சென்று ஃபிக்ஹு கற்றுக் கொடுத்தார். அங்குள்ள மக்கள் அவரிடம் தஸவ்வுஃப் கலையைக் கேட்டார்கள். ‘எனக்குத் தெரிந்ததைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்’ என்று அவர் சொல்லவில்லை. மக்கா சென்று அந்தக் கலையைக் கற்று, மீண்டும் அச்சே வந்து கற்றுக் கொடுத்தார். மக்களின் தேவை என்ன என்று காது கொடுத்துக் கேட்ட ஆலிம்!

அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளைதான் நூருத்தீன் அர்ரானீரி. 1637ல் அச்சே வந்தார். அரசவையின் ஷெய்குல் இஸ்லாம் ஆனார். தொழுகை, நோன்பு, ஹஜ் முதலான வணக்கங்களின் சட்டங்களை மலாய் மொழியிலேயே ‘ஸிராத்துல் முஸ்தகீம்’ என்ற நூலாக எழுதினார். அரபியில் எழுதியிருந்தால் ஆலிம்கள் மட்டும் பாராட்டியிருப்பார்கள். அவர் மக்களின் மொழியில் எழுதினார். நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து போர்னியோவின் பெரும் ஆலிம் முஹம்மது அர்ஷத் அல்பன்ஜரி தம் நூலை எழுதியபோது ரானீரியின் நூலையே அடிப்படையாக வைத்துக் கொண்டார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ரானீரி அச்சேயில் தம் கருத்துக்கு மாறானவர்களோடு கடுமையாக மோதினார். அவர்களுடைய நூல்கள் எரிக்கப்பட்டன, உயிர்களும் போயின. முடிவில், இன்னொரு ஆலிமோடு ஏற்பட்ட வாதத்தில் அரசவையின் ஆதரவை இழந்து, 1644ல் அவசரமாக ஊர் திரும்பினார். அவருடைய கிதாபு அந்த மண்ணில் நிலைத்தது. அவருடைய சண்டை அவரையே அந்த மண்ணிலிருந்து அகற்றியது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நமக்குப் பக்கத்திலேயே பொன்னானி இருக்கிறது. அங்குள்ள மக்தூம் குடும்பத்து ஜைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஃபத்ஹுல் முஈன்’ இன்றும் இந்தோனேசியாவின் மத்ரஸாக்களில் பாடமாக நடக்கிறது. மலபாரின் தென்னை மரத்தடியில் எழுதிய கிதாபை ஜாவாவின் நெல்வயல் ஓரத்தில் பிள்ளைகள் ஓதுகிறார்கள்.

கீழக்கரையில் 17ஆம் நூற்றாண்டில் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) கற்றுக் கொடுத்தார். அதே ஊரில் அதே காலத்தில் கப்பல் வணிகர் சீதக்காதி வாரி வழங்கினார். இல்மும் செல்வமும் ஒரே தெருவில் இருந்தன. அதே கீழக்கரையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்குப் போய்ப் போய் வந்தவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்ற இமாமுல் அரூஸ் (1816-1898). இலங்கை முஸ்லிம்களின் ஊர்களில் பள்ளிகளும் தைக்காக்களும் மத்ரஸாக்களும் எழக் காரணமாக இருந்தார். வீட்டுப் பெண்களும் வாசிக்கும்படி அரபுத் தமிழில் ஃபிக்ஹு நூல்கள் எழுதினார். அரபு எழுத்து, தமிழ்ப் பேச்சு. மக்களுக்குத் தெரிந்த இரண்டைச் சேர்த்து அவர்களுக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுக்கும் வழி அது.

விலங்கிட்டு அனுப்பப்பட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. மகஸ்ஸாரின் ஷெய்கு யூஸுஃபை டச்சுக்காரர்கள் 1684ல் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். அவர் அங்கே உட்கார்ந்து நூல்கள் எழுதி, ஹாஜிகளின் கப்பல்கள் வழியாகத் தம் ஊருக்கு அனுப்பினார். பயந்துபோன டச்சுக்காரர்கள் 1694ல் அவரைத் தென் ஆப்பிரிக்காவுக்கே அனுப்பினார்கள். விளைவு? தென் ஆப்பிரிக்காவில் இஸ்லாம் வேரூன்ற வழி செய்தவர்களில் முதன்மையானவர் என்று இன்று அவரைப் போற்றுகிறார்கள்! நம் காலத்துக்கு அருகில் மீரட்டைச் சேர்ந்த மவ்லானா அப்துல் அலீம் ஸித்தீக்கி (1892-1954) கண்டம் கண்டமாகச் சுற்றினார். 1932ல் சிங்கப்பூரில் அவர் வித்திட்ட சங்கம் ஜமிய்யா என்ற பெயரில் இன்றும் சமுதாயப் பணி செய்து வருகிறது.

அவர்களிடம் என்ன இருந்தது?

இவர்கள் எல்லோரிடமும் பொதுவாக இருந்தவை மூன்று. முதலாவது, போன ஊரின் மொழியைப் பேசினார்கள். இரண்டாவது, போன ஊரிலேயே உட்கார்ந்தார்கள். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், பிள்ளைகளுக்கு அலிஃப் பே சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது, அவர்களுக்குப் பின்னால் நேர்மையான வியாபாரிகள் நின்றார்கள். ஆலிம் மிம்பரில் சொன்னதை வியாபாரி தராசில் காட்டினார்.

இந்த மூன்றில் இன்று நம்மிடம் எது மிச்சம் இருக்கிறது? சொல்லுங்கள்!

அன்று ஆலிம் கிதாபோடு வெளிநாடு போனார். இன்று ரசீதுப் புத்தகத்தோடு போகிறார். ரமலான் வந்தால் வளைகுடாவிலும் மலேசியாவிலும் அறை அறையாக ஏறி இறங்குகிறார். அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவரை அப்படி அனுப்பியது யார்? உள்ளூர் மத்ரஸாவை உள்ளூர்ப் பணத்தால் நடத்த மனமில்லாத நாம்தான்! ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மாத வருமானத்தையும் உங்கள் பள்ளி இமாமின் சம்பளத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கல்யாண மண்டபத்துக்கு ஒரே இரவில் கொடுப்பதையும் மூன்றாவதாக எழுதுங்கள். பிறகு கண்ணாடியைப் பாருங்கள்.

அன்று கப்பலில் இல்மு போனது. இன்று விமானத்தில் நம் சண்டைகள் போகின்றன. தமிழ்நாட்டில் இரண்டு கூட்டத்தார் மோதினால் அடுத்த வாரம் கொழும்பிலும் துபாயிலும் அதே இரண்டு அணி. விரலை அசைப்பதா வேண்டாமா என்று தொடங்கிய பேச்சு, ஸலாம் சொல்லாத பகையாகப் போய் முடிகிறது. கருத்து வேறுபாடு இருக்கட்டும், இமாம்களுக்கிடையே இல்லாததா? ஆனால் அதைச் சரக்காகக் கட்டி ஏற்றுமதி செய்யாதீர்கள். ரானீரியின் கதையை எதற்காகச் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? அவ்வளவு பெரிய ஆலிமையே சண்டை வாழவிடவில்லை. நாம் எம்மாத்திரம்?

‘ஆலிம்கள் சம்பாதிக்க வெளிநாடு போவது குற்றமா?’ என்று சிலர் கேட்கலாம். குற்றமே இல்லை. அவருக்கும் மனைவி மக்கள் உண்டு. ஆனால் ஒரு கூட்டத்தார் மார்க்கத்தைக் கற்று, தம் சமூகத்தாரிடம் திரும்பி வந்து எச்சரிக்க வேண்டும் என்பது திருக்குர்ஆன் 9ஆம் அத்தியாயம் 122ஆம் வசனத்தின் போதனை. ஏழு ஆண்டு ஓதிப் பட்டம் வாங்கியவர் பாலைவனத்தில் ஓட்டுநராக இருக்க, அவருடைய சொந்த மஹல்லாவில் மக்ரிபுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க ஆளில்லை என்றால், அந்த இழப்பு யாருக்கு?

குலசேகரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரப்பர் நம் மண்ணின் மரமா? பிரேசிலின் விதை 1876ல் லண்டன் வழியாக இலங்கைக்கு வந்தது. பிறகே நம் மலையோரத்துக்கு வந்தது. வந்த மரம் வேர் பிடித்து இன்று நமக்குச் சோறு போடுகிறது. கன்று நட்டு, களை பறித்து, ஆறேழு ஆண்டு பொறுத்தால்தான் வெட்டுக்கு வரும். ஓர் ஆலிம் உருவாகவும் ஏழாண்டு ஆகிறது. மரத்துக்குப் பொறுமை காட்டும் நாம் மத்ரஸாவுக்குக் காட்டுகிறோமா? நன்றாகப் படிக்கும் மகனை இன்ஜினியரிங்குக்கும், படிப்பு ஏறாத மகனை மத்ரஸாவுக்கும் அனுப்பிவிட்டு, ‘இந்தக் காலத்து ஆலிம்களிடம் விஷயம் இல்லை’ என்று குறை சொல்கிறோமே, இது நியாயமா?

வியாபாரிகளே! இளைஞர்களே!

வியாபாரப் பெருமக்களே! அளவையில் மோசம் செய்வோரின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் குர்ஆனில் இருக்கிறது. பேச்சிப்பாறை மலையிலிருந்து காணிக்காரர் ஒருவர் ஒட்டுப்பாலைச் சுமந்து கொண்டு இறங்கி வருகிறார். ஈரம் என்று சொல்லி எவ்வளவு கழிக்கிறீர்கள்? ஷீட்டின் தரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? அவர் நம் மிம்பர் பயானைக் கேட்டதில்லை. இஸ்லாத்தைப் பற்றி அவர் படிக்கும் ஒரே கிதாபு உங்கள் தராசுதான். பெர்லாக் மக்கள் வணிகர்களைப் பார்த்தே மார்க்கத்துக்கு வந்தார்கள் என்றால், வணிகர்களைப் பார்த்து மார்க்கத்தை விட்டு விலகி நிற்பவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்!

இளைஞர்களே! மார்க்கத்தைப் பின்பற்றவும் எடுத்துச் சொல்லவும் நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைக் காக்கப் போராடுவோம். அதே நேரத்தில் சொல்வதற்கு நம்மிடம் விஷயமும் இருக்க வேண்டும் அல்லவா? நாளை வளைகுடாவுக்கு விமானம் ஏறப் போகும் தம்பி, போகும் ஊரின் மொழியைக் கற்றுக்கொள். வெள்ளிக்கிழமை விடுமுறையைத் தூக்கத்திலும் கைப்பேசியிலும் கரைக்காதே. அங்கே தமிழில் வகுப்பு நடத்தும் மார்க்க மையங்கள் இருக்கின்றன, போய் உட்கார். உன் அறையில் இருக்கும் மாற்று மத நண்பன் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடு. நம் முன்னோர் செய்த தஃவா அப்படித்தான் தொடங்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்று நம் மாவட்டத்துக்கே வேற்று மாநிலங்களிலிருந்து முஸ்லிம் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பையன்கள் கட்டட வேலையிலும் தோட்ட வேலையிலும் இருக்கிறார்கள். ஜும்ஆவில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு யாரிடமும் பேசாமல் போகிறார்கள். மலாக்காவில் நம் முன்னோர் எப்படி நின்றார்களோ அப்படி இன்று அவர்கள் நம் பள்ளியில் நிற்கிறார்கள். அன்று மலாக்கா நம்மை முன்வரிசைக்கு அழைத்தது. நாம் இவர்களை அழைத்தோமா? பெயரைக் கேட்டோமா?

எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் வரும் ஆண்டுக் கூட்டத்தில் நான்கு தீர்மானங்களை நிறைவேற்றட்டும். இமாமுக்கும் முஅத்தினுக்கும் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் கொடுப்பது. 2009ல் அமைந்த உலமாக்கள் நல வாரியத்தில் அவர்களைப் பதிவு செய்து வைப்பது. மஹல்லாவின் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் ஒருவரையாவது ஊர்ச் செலவில் ஆலிமாகவும் பட்டதாரியாகவும் உருவாக்குவது; வெளியூர்த் தொழிலாளர்களுக்காக வாரம் ஒருநாள் அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு வகுப்பு நடத்துவது. இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு கல்யாணத்தின் வீண் செலவு போதும்.

கடையும் லெப்பையும் ஒரே கப்பலில் போனபோது ஒரு கடலின் மறுகரையே நம் சொல்லைக் கற்றுக் கொண்டது. இன்று இருவரும் ஒரே தெருவில் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. முதலில் அவர்களை ஒரே பாயில் உட்கார வைப்போம். மற்றதை அல்லாஹ் பார்த்துக் கொள்வான். நம் முன்னோரின் உழைப்பை ஏற்று, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும் வலிமையை அந்த வல்ல இறைவன் நமக்குத் தருவானாக! ஆமீன்.